கன்னத்தில் வந்த தடிப்பு

பிள்ளைகளின் ஒவ்வாமைக் கிளினிக்கில் பாதி வேலை மருந்து, மீதி விசாரணை. இதே வேலையில் இருக்கும் சகோதரங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, "பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டதும் வீட்டார் முகம் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தாதியியல் படித்துவிட்டு திருகோணமலை நகரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, எதையாவது கேட்க மறந்து ஒரு பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். அதனால் எல்லாரையும் சந்தேகிக்கிறேன்.

ஒன்றும் கொடுக்கவில்லை

கப்பல்துறையிலிருந்து ஒரு தாய் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் தடிப்பு. இரவு என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். சோறும் பருப்பும் என்றார். மீன்? இல்லை. இறால்? இல்லை. பொடியன் மட்டும் தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நண்டு" என்றான். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"அது தடிமன், இருமலுக்கு வச்ச நண்டு ரசம் மிஸ், அதை ஆர் சாப்பாடெண்டு சொன்னது?"

மதினி வீட்டுக் கடப்பு

கிண்ணியாவிலிருந்து வரும் பஸ்னாவின் மகள் ஆயிஷாவுக்கு நாலு வயது. ஒருமுறை கச்சான், அதாவது நிலக்கடலை தின்று உதடு வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பிய பிள்ளை. அதன்பிறகு வீட்டில் கச்சானே இல்லை. ஆனாலும் சில மாலைகளில் கன்னத்தில் தடிப்பு வந்தது. இன்றைக்குக் கன்னம், நாளைக்குத் திரும்பவும் மூச்சு என்றால்? பஸ்னா தூங்குவதில்லை.

பிள்ளை விளையாடப் போவது பக்கத்து வளவிலுள்ள மதினி வீட்டுக்கு. மதினி என்றால் கணவரின் அக்கா. பஸ்னா வேலியில் ஆள் போய்வரும் கடப்பை அடைத்துவிட்டார். மதினி ஏதாவது கொடுத்ததைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

"கண்ணால காணல்ல மிஸ், ஆனா அவ சிரிக்கிற சிரிப்பு சரியில்ல."

பூனையும் தப்பவில்லை

கடப்பை அடைத்த பிறகும் தடிப்பு வந்தது. நான் சவர்க்காரம், பவுடர், தலையணை, வீட்டுப் பூனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்த மூத்த தாதி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூனையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ தங்கச்சி, வாக்குமூலம் எடுப்பம்."

வாப்பா வந்த நாள்

அடுத்தமுறை தகப்பனும் வந்தார். ஓட்டோ ஓட்டுபவர். வண்டியை வெளியே விட்டுவிட்டுப் பிந்தித்தான் உள்ளே வந்தார். ஊசி என்று நினைத்து அழுதுகொண்டிருந்த மகளைத் தூக்கி, கன்னத்தில் முத்தமிட்டுக் கொஞ்சினார். டொக்டர் கூப்பிடுவதற்குள் அந்தக் கன்னம் தடித்துவிட்டது.

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். சட்டையில் கச்சானின் சிவந்த தோல் ஒட்டியிருந்தது. ஹயருக்கு ஆள் வரும்வரை காத்து நிற்கும்போது கொறிப்பாராம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மகளைக் கொஞ்சுவது. வாயிலும் கையிலும் ஒட்டியிருப்பதே இந்தப் பிள்ளைக்குப் போதும், கச்சானை அடியோடு விட்டுவிடுங்கள் என்று டொக்டர் சொன்னார். பஸ்னா தலை நிமிரவில்லை. கணவர் தன் கையிரண்டையும் விரித்துப் பார்த்தபடி நின்றார்.

"நான் திண்டதுதானே டொக்டர், புள்ளைக்கு ஒரு பருப்புக்கூடக் குடுக்கல்லயே."

நாலு பேராக வந்தார்கள்

பிறகு ஆயிஷாவின் கன்னம் தெளிந்தது. கடைசியாக வந்தபோது மதினியும் கூட வந்திருந்தார். கடப்பைத் திறந்துவிட்டார்களாம். ஆனால் பஸ்னா ஒரு வாங்கில், கணவர் இன்னொரு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயிஷா தகப்பனின் மடியில் ஏறி, "வாப்பா, ஆ காட்டுங்க" என்று வாயைச் சோதித்த பிறகே கன்னத்தைக் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தோம், மதினியைத் தவிர. அவர் பிள்ளைக்கு ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தார். அதைக் கொடுக்கும் முன் என் மேசைக்கு வந்து, கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார்: சாவி, முகம் துடைக்கும் கைலேஞ்சி, பனடோல் மாத்திரை, பொம்மை.

"பாத்துக்கொள்ளுங்க மிஸ், பொறகு என்ட பேர் அடிபடக் கூடாது."

தடிப்புக்கு எழுதித்தர எங்களிடம் மருந்து உண்டு, மதினிமாருக்கு எழுதித்தர ஒன்றுமில்லை என்பதால், சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.