கெண்டை மீனோடு ஏ.டி.எம்.முக்குள்

வங்கி அட்டை கைக்கு வந்த முதல் மூன்று மாதம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மத்திய அரசு அலுவலகத்தில் எனக்கு மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்து லேக் கார்டன்ஸில் குடியிருந்தோம். அதுவரை மாதக் கடைசியில் கவரில் வந்த சம்பளம் திடீரென்று வங்கிக்குப் போக ஆரம்பித்தது. கூடவே தபாலில் ஒரு நீல அட்டையும் வந்தது.

அட்டையைப் பார்த்ததும் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. இனிமேல் ரூபாய் நோட்டைத் தொடுவது நாகரிகமில்லை என்று முடிவு செய்தேன். அழுக்கு, கிழிசல், ஒட்டுப் போட்ட நோட்டு எதுவும் நம் வீட்டில் வேண்டாம். என் கணவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். வாய் அதிகம் திறக்காதவர். அவர் ஷேவிங் பெட்டிக்குள்ளும் சட்டைப் பைகளிலும் வைத்திருந்த நோட்டையெல்லாம் திரட்டிக் கொண்டுபோய் வங்கியில் கட்டிவிட்டு வந்தேன்.

"அவசரத்துக்கு?" என்று கேட்டார்.

"அவசரத்துக்குத்தாங்க இந்த அட்டை. எப்ப வேணா, எவ்வளவு வேணா எடுக்கலாம்."

அவர் சில்லறை டப்பாவை மட்டும் மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை மதியம் என் மேலதிகாரியும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. பெங்காலிக்காரர். தமிழர் வீட்டுச் சாப்பாட்டை வாழையிலையில் சாப்பிட வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, அப்பளம், காப்பிப்பொடி எல்லாம் லேக் மார்க்கெட்டில் அன்று காலையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். கைப்பையில் அட்டையும், ஆட்டோவுக்குக் கொடுத்தது போக மீதிச் சில்லறையும் மட்டும்தான்.

மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஏ.டி.எம். கண்ணாடி அறை. கதவிலிருந்த பிளவில் அட்டையைத் தேய்த்தால்தான் திறக்கும். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்த ஊர் வெயிலில் அதற்காகவே ஒருமுறைக்கு இருமுறை கணக்கில் இருப்பு பார்ப்பேன். அன்று எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பணம் எடுத்து முடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். தோளில் குடை, கையில் ஈரம் சொட்டும் நைலான் பை. பை தானாக அசைந்தது.

நான் அட்டையைச் செருகினேன். ரகசிய எண்ணை அழுத்தினேன். இயந்திரம் கரகரவென்று சிந்தித்தது. சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது.

லோட்ஷெடிங்.

மூலையில் இருந்த பேட்டரிப் பெட்டி குருவிக்குஞ்சு மாதிரி நாலைந்து தடவை கீச்சிட்டது. பிறகு அதுவும் அடங்கியது. திரை கறுப்பானது. என் அட்டை உள்ளே, பணமும் உள்ளே. பெரியவர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. வெளியே போவதற்கு ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினார். அதுவும் கரண்டில் ஓடுவது. நாங்களும் உள்ளே என்று அப்போதுதான் புரிந்தது.

"கவலைப்படாதீங்க பௌதி, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்" என்றார் பெரியவர். பௌதி என்றால் பெங்காலியில் அண்ணி. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்னை அண்ணி என்பதற்கு நான் பழகியிருந்தேன்.

டீ குடிக்கப் போயிருந்த காவலாளி ஓடி வந்தார். அவரிடம் துப்பாக்கி இருந்தது, சாவி இல்லை. சாவி இயந்திரத்தைப் பராமரிக்கும் கம்பெனிக்காரரிடம் இருந்தது. கம்பெனிக்காரர் சனிக்கிழமை வரமாட்டார்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. நான் தரையில் குனிந்து, அதன் வழியாக என் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதிய சீட்டையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் தள்ளினேன். "என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, நான் ஏ.டி.எம்.முக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு சொல்லுங்க."

காவலாளி எதிரே போன் பூத்துக்குப் போய்விட்டுப் புன்னகையோடு திரும்பினார்.

"சொல்லிட்டேன் பௌதி. தாதா ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"சந்தோஷப்பட்டாரா?" தாதா என்றால் அண்ணன், அதாவது என் கணவர்.

"ஆமா. மெதுவா வரட்டும்னார்."

எட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையை அந்த நிமிஷம் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

குளுமை போய் வெக்கை ஏறத் தொடங்கியது. கண்ணாடி வழியாக வெயில் எங்களை மட்டும் தேடி வந்து அடித்தது. அந்த ஊரில் இரண்டு பேர் ஒரு இடத்தில் நின்றால் மூன்றாமவர் காரணம் கேட்க நிற்பார், நான்காமவர் யோசனை சொல்ல நிற்பார். பத்து நிமிஷத்தில் வெளியே சின்னக் கூட்டம். ஒருவர் குடைக்கம்பியைப் பிளவில் விட்டுப் பார்த்தார். ஒருவர் கண்ணாடியை உடைக்கலாம் என்றார். இன்னொருவர், உடைத்தால் அரசாங்கம் யாரைப் பிடிக்கும் என்று கேட்டார். அதிலிருந்து பேச்சு அரசியலுக்குப் போய், எங்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வரிசையும் உண்டாகியிருந்தது. அதில் ஒருவர் காலி மண்ணெண்ணெய் டின்னோடு நின்றார். கண்ணாடியைத் தட்டி, "ஆளுக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று தலையசைத்தேன். அவர் நகரவில்லை.

டீக்கடைக்காரர் மண்குவளையில் டீ கொண்டுவந்தார். குவளை இடைவெளியில் நுழையாது. ஆனால் அரோரூட் பிஸ்கட் நுழைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பிஸ்கட் தரையில் சறுக்கி வந்தன. பெரியவர் இரண்டை எடுத்துத் துடைத்து எனக்குக் கொடுத்தார். உள்ளபடியே சொல்கிறேன், ருசியாக இருந்தது.

பிஸ்கட் எடுக்கக் குனிந்தபோதுதான் பெரியவரின் பை சரிந்தது. உள்ளிருந்து ஒரு கறுப்பு மீன் வெளியே வந்தது. வந்தது என்றால் நடந்து வந்தது. கொய் மீன் என்று அவர்கள் சொல்வது நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைதான். தண்ணீர் இல்லாமலே நெடுநேரம் உயிரோடு இருக்கும், செவுளை ஊன்றித் தரையில் நகரும். இதையெல்லாம் பெரியவர் பிற்பாடு விளக்கினார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத என்னை நோக்கி ஒரு மீன் தீர்மானமாக வருகிறது என்பதுதான்.

சீட்டு எழுதுவதற்காகச் சுவரில் பதித்திருந்த பலகை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். புடவை கட்டிக்கொண்டு எப்படி ஏறினேன் என்று இன்று வரை தெரியவில்லை. வெளியே அரசியல் நின்றது. எல்லாரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"கடிக்குமா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"கடிக்காது பௌதி. முள்ளுதான் கொஞ்சம் குத்தும்" என்றபடி பெரியவர் நாலுகாலில் அதைத் துரத்தினார். அது இயந்திரத்துக்கு அடியில் புகுந்தது. குடையின் வளைந்த கைப்பிடியால் இழுத்தார். வெளியிலிருந்து "இடது பக்கம், இடது பக்கம்" என்று வழி சொன்னார்கள். கடைசியில் அது ரசீதுக் குப்பைத்தொட்டிக்குள் தானாகவே துள்ளி விழ, பெரியவர் தொட்டியோடு தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு லேசாகத் தலை வணங்கினார்.

நான் இறங்கவில்லை. பையில் இன்னும் ஐந்து இருப்பதாக அவரே சொல்லியிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே குரலாக 'ஹோ' என்று ஒலி எழுந்தது. கதவு க்ளிக் என்று திறந்துகொண்டது. இயந்திரம் கண் விழித்து, என்னை முன்பின் பார்த்தே இராதது போல, "வருக, உங்கள் அட்டையைச் செருகுக" என்று ஆங்கிலத்தில் கேட்டது. அட்டை அதன் வயிற்றுக்குள் இருந்தது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய்க் கேளுங்கள் என்றார் காவலாளி.

போன் செய்தது போக மிஞ்சிய சில்லறை ஆட்டோவுக்குக்கூடப் போதவில்லை. வெறுங்கையோடு லேக் கார்டன்ஸுக்கு நடந்தேன். வீட்டு வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்பு. உள்ளே மேலதிகாரியும் அவர் மனைவியும் எதையோ மென்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சில்லறையைப் பொறுக்கித் தெருமுனையில் பொரி வாங்கி, பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்ப் பல் எல்லாம் நறுக்கிப் போட்டுக் கடுகு தாளித்துக் கொட்டியிருந்தார். பெங்காலிகளுக்குப் பொரிதான் தினப்படி ஆகாரம். அவர்கள் வீட்டுப் பண்டத்தையே அவர்களுக்கு விருந்தாக வைத்திருக்கிறார்.

"இது எங்க ஊர் விசேஷ நாள்ல செய்யறது சார்" என்று முகம் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் திறக்காத மனிதர் திறந்தால் இப்படித்தான்.

அவரைச் சமையலறைக்கு இழுத்தேன். "நான் மாட்டிக்கிட்டேன்னு போன் வந்ததுல உங்களுக்கு என்னங்க சந்தோஷம்?"

"மாட்டிக்கிட்டியா?" என்று விழித்தார். "ஏ.டி.எம்.ல பொந்துன்னு போன்ல சொன்னாரும்மா. உனக்கு யாரோ சிநேகிதி கிடைச்சுட்டா போலன்னு நினைச்சேன். இந்த ஊருக்கு வந்து உனக்கு ஒருத்தரும் பழக்கமில்லையேன்னு எனக்குக் கவலையா இருந்தது."

பெங்காலியில் பொந்தோ என்றால் அடைபட்டது. பொந்து என்றால் நண்பர். காவலாளி முதலாவதைச் சொல்லியிருக்கிறார், இவர் இரண்டாவதைக் கேட்டிருக்கிறார். கோபப்படலாம் என்றுதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியாமல் போயிற்று.

விருந்தினருக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு பொங்கல் கிளறி இறக்கினேன். அதையும் தங்கள் கிச்சடி மாதிரியே இருக்கிறது என்று ரசித்துச் சாப்பிட்டார்கள். மேலதிகாரி திங்கட்கிழமை அலுவலகம் முழுக்க, தமிழர்களும் பெங்காலிகளும் ஒரே சாப்பாடு சாப்பிடும் ஒரே ஜனங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதே திங்கட்கிழமை நான் வங்கிக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அதிகாரி, "கணக்கு உங்களோடதுதான்னு சரிபார்க்கணும், அட்டையைக் காட்டுங்க" என்றார். அட்டை உங்கள் இயந்திரத்துக்குள் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். யோசித்துவிட்டு, சரி, கையெழுத்தைக் கணினியில் பார்த்துவிடலாம் என்று எழுந்தார். அவர் நாற்காலியை நகர்த்துவதற்குள் தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து, மெதுவாகி, நின்றது.

இந்தத் தடவை கதவு மரக்கதவு. அகலத் திறந்திருந்தது. நான் வாசலுக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.