பதினான்காம் கேள்வியும் ஐம்பத்து மூன்று வீடுகளும்

என் தம்பி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். திக்குவாயை வென்றான். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை மூன்றாவது முறை வென்றான். சிபாரிசுக்கு ஒரு ஆள் இல்லாமல், நாற்பத்திரண்டு பேர் வந்த நேர்காணலில் வேலை வாங்கினான். வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் முன்னால் இருபது நிமிடம் தடங்கலில்லாமல் பேசினான். அவனுக்கு 'வ'வில் தொடங்கும் சொற்கள்தான் சிக்கும். வடிகட்டி என்பதை ஃபில்டர் என்று மாற்றி, நான் எதிரில் உட்கார்ந்து கேட்க, மூன்று நாள் ஒத்திகை பார்த்தான்.

அவன் சேர்ந்தது, வெளிநாட்டு உதவியில் வீட்டுக்கு ஒரு தண்ணீர் ஃபில்டர் கொடுத்த திட்டம். கொடுப்பது வேறு ஆட்களின் வேலை. கொடுத்தது பயன்படுகிறதா என்று பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்புவது இவன் வேலை.

"குடுத்தாச்சு இல்ல, அப்புறம் என்னடா பார்க்கிறது? இதுக்கு ஒரு சம்பளமா?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார்.

"போன வருஷம் உங்களுக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்தேனே, எங்க சித்தப்பா?"

சித்தப்பா பேச்சை மாற்றினார்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பொத்தான் குறைந்த சட்டை ஒன்றுகூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு.

2015 ஆகஸ்டில், முந்நூறு வீடுகளையும் ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது தம்பியின் பைக் சறுக்கியது. வலது மணிக்கட்டில் கட்டு. பையோடு படிவங்கள் சாக்கடையில் விழுந்து சேறாகிவிட்டன. திங்கட்கிழமைக்குள் புதுப் படிவங்களில் படி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்க்கா."

"ஐஸ் வைக்காத. பேனாவ எடு."

சனி, ஞாயிறு இரண்டு பகலும் எழுதினேன். அவன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே தூங்கிப் போனான். ஐம்பத்து மூன்று படிவங்களில் பதினான்காம் கேள்வி காலியாக இருந்தது. 'இன்று ஃபில்டரில் தண்ணீர் இருந்ததை நேரில் பார்த்தீர்களா?' என்பது கேள்வி. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் 'ஆம்' என்று இருந்தது. நானும் 'ஆம்' என்று டிக் போட்டேன். ஒரு கட்டம்கூட விடவில்லை. கட்டிய கையோடு அவன் அவற்றை அப்படியே கொண்டுபோய் ஒப்படைத்தான்.

அவன் மேலதிகாரியான மேடம், இவ்வளவு சுத்தமான படிவங்களைப் பார்த்ததில்லை என்று எல்லோர் முன்பும் தூக்கிக் காட்டினாராம். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பகுதியில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அறிக்கை போனது. பழுது பார்க்கும் குழுவை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

பிப்ரவரி கடைசியில் வேறு வேலையாகத் தம்பி அந்த முந்நூறு வீடுகள் இருக்கும் பகுதியில் ஒரு தெருவுக்குப் போனான். கோடி வீட்டு அம்மா அவனை அடையாளம் கண்டு கூப்பிட்டிருக்கிறார். ஃபில்டருக்குள் துணிக் கிளிப்புகள் கிடந்தன.

"உள்ள தண்ணிய வடிக்கிற கேண்டில் விரிசல் விட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது தம்பி. அன்னைக்கு நீங்க காட்டச் சொன்னப்போ, குடுத்த பொருளை உடைச்சுட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வாங்கன்னு சொன்னேன். நீங்க வரவே இல்லையே."

அவருடைய சின்ன மகள் ஜனவரியில் வயிற்றுப்போக்கோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவன் பரணிலிருந்து சேற்றுப் படிவங்களை இறக்கினான். அலுவலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த நகல்களைப் பக்கத்தில் பரப்பினான்.

"அக்கா, பதினாலு காலியா இருந்துச்சே, என்ன பண்ணின?"

"சேத்துல அழிஞ்சு போச்சுன்னு நெனச்சு டிக் போட்டேன்."

"காலியா இருந்தா அங்க திரும்பப் போகணும்னு அர்த்தம்க்கா. கட்டும் மாத்திரையுமா இருந்ததுல நானும் மறந்துட்டேன். அத்தனை காலியப் பார்த்திருந்தா மேடமே விரட்டியிருப்பாங்க."

சேறு என்று நான் சொன்னது பொய். பல தாள்களில் அந்தக் கட்டம் வெள்ளை வெளேரென்று சுத்தமாகத்தான் இருந்தது. எழுதும்போதே பார்த்தேன். அவனை எழுப்பிக் கேட்டிருக்கலாம். நிறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் கேட்கவில்லை. இதையும் அவனிடம் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

மறுமாதம் வேலை நிரந்தரமாகும் பட்டியல் வர இருந்தது.

"யாருக்கும் தெரியாதுடா. கோடி வீட்டுக்கு நாமளே ஒரு கேண்டில் வாங்கிக் குடுத்துடலாம்," என்றேன். இதைச் சொன்ன வாயும் என்னுடையதுதான்.

"ஒண்ணு வாங்கலாம். ஐம்பத்து மூணு? எது எது உடைஞ்சிருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ்ல சொன்னாத்தான் ஆள் அனுப்புவாங்க."

"உன் வேலை?"

"போனாப் போகட்டும்னு வீரமா சொல்ல வரலைக்கா. போகக் கூடாதுன்னுதான் இருக்கு."

"அப்ப நான் வந்து மேடம்கிட்ட சொல்றேன்."

"நீ பாதி சொல்றதுக்குள்ள அழுதுருவ. உன்னத் தேத்தவே அவங்களுக்கு நேரம் போயிடும்."

பத்து நாள் நாலைந்து முறை அவன் எழுதிக் கிழித்த பிறகு, மேடமுக்கு ஒரு பக்கக் கடிதம் உருவானது. 'படிகளை வேறொருவர் எடுத்தார். சரிபார்க்க வேண்டியவன் நான். சரிபார்க்காமல் ஒப்படைத்தேன்.' என்னைப் பற்றி அவ்வளவுதான். அந்த வேறொருவர் நான்தான் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு வாரத்தில் குழு ஐம்பத்து மூன்று வீடுகளுக்கும் போனது. முப்பத்தேழில் கேண்டில் உடைந்திருந்தது; எல்லாவற்றையும் மாற்றினார்கள். நிரந்தரப் பட்டியலில் தம்பி பெயர் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. மூன்றாம் வருடம் வந்தது. அந்த இரண்டு வருடமும் அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் சம்பள நாள்தோறும் அவன் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு போட்டேன்.

கள ஆட்களுக்குப் படிவத்தில் எண் மட்டும்தான். அறிக்கைகளில் மேடம் பெயர் இருக்கும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் கடிதம் வரையிலான ஐந்து வருடத்தில் தம்பியின் பெயர் எந்தத் தாளிலும் வந்ததில்லை. அந்தக் கடிதத்தின் அடியிலும் பழக்கத்தில் எண்ணை எழுதினான். பிறகு அதை அடித்துவிட்டு, இன்னும் முழுதாக மடங்காத மணிக்கட்டோடு, மெதுவாகப் பெயரை எழுதினான். தான் செய்த வேலைக்குக் கீழே என் தம்பி முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2016 மார்ச் 9, புதன்கிழமை.