தொட்டிக்குள் ஒரு சீமாட்டி

எங்கள் பெல்யெஷாட்ஸ் தீபகற்பக் கரையில் கூரையிலிருந்து வடியும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துத்தான் குடிக்கிறோம். பூச்சி புழுவைத் தின்னட்டும் என்று சிலர் அதில் ஒரு விலாங்கு மீனை விட்டு வைப்பார்கள். லூக்ஷா விட்டிருந்த விலாங்குக்குச் சீமாட்டி என்று பெயர். படகுத்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் காலையில் முதல் வார்த்தை பேசுவது அவளிடம்தான். தொட்டியின் மூடியைத் திறந்து, "என்னம்மா, தூங்கினியா?" என்பான். நான் அடுத்த வீட்டுக்காரன். தினமும் கேட்டுத் தொலைப்பேன்.

எதிர்வீட்டுப் பெரினாவும் தனியாள்தான். கோடையில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவள். அவள் வாய் சும்மா இருக்காது.

"யோவ் லூக்ஷா, பாம்பு குளிச்ச தண்ணியில காப்பி போட்டுக் குடிக்கிற மனுஷன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்யா!"

"உன் தொட்டியில புழு நெளியுது. முதல்ல அதைப் பாரு!"

அந்த வருடக் கோடையில் ஒரு துளி மழை இல்லை. கொசுக்கள்கூட விரதம் இருந்தன. ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு நாள் இடியோடு கொட்டித் தீர்த்தது. அதன்பின் தெற்கிலிருந்து யூகோ காற்று, வெதுவெதுவென்று, ஈரத் துணியை முகத்தில் போட்டதுபோல விடாமல் வீசியது. கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? உடம்பில் வெள்ளை வரி போட்ட பகல் கொசுக்கள் கணுக்காலைப் பதம் பார்த்தன. பெரினா வீட்டில் தங்கிப்போன ஜெர்மன்காரர் ஊர் திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார். டெங்கு என்றார்கள். இங்கேதான் தொற்றியிருக்கிறது. பெரினாவின் அறைகள் காலியாயின.

பட்டணத்திலிருந்து டாக்டர் ஸோரானா ஆட்களோடு வந்தாள். எந்தத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதோ அதை இறைத்துக் கழுவ வேண்டும் என்றாள். லூக்ஷா போய்த் தன் தொட்டி மூடிமேல் உட்கார்ந்துகொண்டான்.

"டாக்டரம்மா, தண்ணி போனா என் சீமாட்டி எங்க போவா?"

"எழுந்திரிங்க பெரியவரே. புழு இல்லேன்னா நான் ஏன் தொடப்போறேன்?"

எழுந்தான். அவள் நீளக் கரண்டியால் பலமுறை மொண்டு பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. லூக்ஷா தெருவுக்கே கேட்கும்படி, "பாத்துக்கங்க! ஊர்ல கொசு எவன் வளக்கிறான்னு இப்பத் தெரியுதா?" என்றான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

முற்றத்தில் அவன் படகு கட்டைகள்மேல் நின்றது. துறைச்சுவரில் இடிபடாமல் இருக்க எங்கள் எல்லோரையும் போல அவனும் பழைய டயர்களைப் படகைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தான். டாக்டர் ஒரு டயரைச் சாய்த்தாள். உள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. தரையில் புழுக்கள் துள்ளின. அடுத்ததிலும் அப்படியே.

"உங்க சீமாட்டிக்குப் படகேறத் தெரியாதே பெரியவரே" என்றாள் டாக்டர், டயர்களின் அடியில் ஓட்டை போடச் சொல்லிவிட்டு.

முற்றச் சுவருக்கு வெளியே தெருவில் நின்ற பெரினா எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அப்படிக் கூனிக் குறுகி நான் அவனைப் பார்த்ததே இல்லை.

அடுத்து பெரினாவின் தொட்டி. மூடி வெடித்திருந்தது, கரண்டி நிறையப் புழு. இறைத்தால் அடுத்த மழைவரை அவள் தண்ணீருக்குத் திண்டாட வேண்டும். ஆட்கள் பம்பை இறக்கும்போது லூக்ஷா வாளியோடு தெருவைக் கடந்து வந்தான். வாளியில் சீமாட்டி சுருண்டு கிடந்தாள்.

"டாக்டரம்மா, ஒரு வாரம் பொறுங்க. தொட்டி வாய்க்கு நான் வலை கட்டிடறேன். உள்ள இருக்கறதை இவ பாத்துக்குவா."

"அப்ப உன் தொட்டி?" என்றாள் பெரினா.

"அதுக்கும் வலைதான். நீ சும்மா இரு."

டாக்டர் நம்பிக்கையில்லாமல்தான் போனாள். ஒரு வாரம் கழித்து வந்து கரண்டியை விட்டுப் பார்த்தாள். பம்பை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

நவம்பர் மழையில் தொட்டிகள் நிரம்பின. குளிரில் கொசு ஒழிந்தது. லூக்ஷா இன்னும் தினமும் காலையில் தெருவைக் கடந்துபோய்ப் பெரினாவின் தொட்டியைத் திறந்து விசாரித்துவிட்டு, அங்கேயே காப்பிக்கு உட்கார்ந்துவிடுகிறான்.

"உன் சீமாட்டியை எப்படா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்று ஒரு நாள் அங்கே போய்க் கேட்டேன்.

"அவளுக்கு இங்க பழகிடுச்சுடா."

உள்ளேயிருந்து பெரினாவின் குரல் வந்தது: "யாருக்குய்யா பழகிடுச்சு?"