இருசம்மாள் பூட்டிய சர்வர்

பெரம்பலூரில் குருநாதனின் ஆல்பம் லேபுக்குள் நுழைந்து சர்வரைப் பற்றி யாரைக் கேட்டாலும், கையை இருசம்மாள் பக்கம் நீட்டுவார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒட்டடை இல்லாத ஒரே மூலையில் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உடையார்பாளையம், திருமானூர், சிறுவாச்சூர் என்று சுற்றுப்பட்ட ஊர்களின் போட்டோகிராபர்கள் தாங்கள் எடுத்த கல்யாணப் படங்களை அவரவர் ஊரிலிருந்தே அதில் ஏற்றிவிடுவார்கள். லேபில் அச்சடித்து, அட்டை போட்டு, ஆல்பமாக்கி அனுப்புவார்கள்.

இருசம்மாள் இருபது வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாவது முடித்த கையோடு இங்கே அட்டைக்குப் பசை தடவ வந்தவர். சர்வரை அமைத்துக் கொடுத்த திருச்சிக்காரர் ஒருநாள் போன் எடுப்பதையே நிறுத்திக்கொண்டார். அந்த வாரம் பார்த்துப் பெட்டி மக்கர் செய்தது. மற்றவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இருசம்மாள் கீபோர்டைத் தொட்டார். தொட்டவர் தலையிலேயே விடிந்தது. அதற்குப் பிறகு வீடியோ பார்த்தும், தப்புச் செய்தும், அந்தத் தப்பை யாருக்கும் தெரியாமல் திருத்தியும்தான் படித்தார்.

அந்தத் திருச்சிக்காரர் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். படம் ஏற்ற வந்த அத்தனை பேருக்கும், சர்வருக்குள் நுழைந்து என்ன கட்டளை வேண்டுமானாலும் தட்டுகிற முழு அனுமதியைக் கொடுத்திருந்தார். வாசலில் பால் ஊற்ற வந்தவரிடம் பீரோ சாவியைக் கொடுத்த கதைதான். போன ஆவணியில் சிறுவாச்சூர் தமிழ்மாறன், இடம் போதவில்லை என்று எங்கோ பார்த்த அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டான். அவனுடைய பழைய படங்களோடு, வேறு இரண்டு பேர் எடுத்த கல்யாணங்களும் சேர்ந்து போயின. நல்லவேளை, அந்த இருவரும் மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்தார்கள். இல்லையென்றால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியுமா? அன்றிலிருந்து இருசம்மாளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. லேபும் காற்று வாங்கும். அந்த மாதத்தில்தான் வேலையில் இறங்கினார். இனி போட்டோகிராபர்கள் தங்கள் ஃபோல்டரில் படம் ஏற்றலாம், அவ்வளவுதான். கட்டளை தட்ட முடியாது, அடுத்தவர் ஃபோல்டரை எட்டிப் பார்க்கவும் முடியாது. இந்தக் கட்டுக்குள் வருகிறவர்களின் பெயரை எல்லாம் ஒரே பட்டியலாக எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. அவருடைய அம்மா பாப்பாத்தி களையெடுக்கப் போன வீடுகளில் மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் போகலாம். கஞ்சி அங்கேதான் வரும். சின்னப் பிள்ளையாக அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருசம்மாளும் அங்கே நின்றிருக்கிறார். இப்போது தானே ஒருவரைப் பார்த்து, இதற்கு மேல் வராதே என்று எழுதுவதா? ரொம்ப நேரம் யோசித்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. அந்தக் கொட்டகைக் கட்டுப்பாடு சிலருக்கு மட்டும் என்று இருந்தது. இது எல்லோருக்கும் என்று இருக்கட்டும். முதலாளி குருநாதன் பெயரையும், சும்மா உள்ளே நுழைந்து நோண்டுகிற அவர் மச்சான் பிரசாத் பெயரையும் சேர்த்தார். தான் ருசி பார்க்காததை மற்றவர் இலையில் வைக்கக் கூடாது என்று, சோதித்துப் பார்க்கத் தன் பெயரையும் சேர்த்தார். எல்லாம் சரியாக வேலை செய்தது. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் போட்டுவிட்டுப் பொங்கல் லீவுக்குப் போனார்.

படம் இல்லாத தகவலைப் படிக்கிற பழக்கம் அரியலூர் அண்ணாதுரைக்கு இல்லை. ஐம்பத்தெட்டு வயது, லேபுக்கு அதிக ஆல்பம் தருகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலே நாலு கட்டளைகளைப் படித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். ஏற்றிய படங்களை அந்தக் கட்டளைகளால் எண்ணிப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. தை முதல் முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் படம் ஏற்ற உட்கார்ந்து, முதலில் ஒரு கட்டளையைத் தட்டினார். இங்கே படம் ஏற்ற மட்டும்தான் அனுமதி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, திரை மூடிக்கொண்டது. மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

“குருநாதா, இருவது வருசமா ஒனக்குப் படம் தரேன். இன்னைக்கு என்னைய வாசல்லயே நிறுத்திப்புட்டீங்க. இருக்கட்டும். இந்தக் கார்டு திருச்சிக்குப் போவுது.”

குருநாதனுக்கு வேர்த்துவிட்டது. “உக்காருங்கண்ணே” என்றவர், லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த இருசம்மாளிடம் திரும்பினார். “அண்ணனுக்கு மட்டும் பழையபடி தொறந்து வுட்டுரும்மா.”

“ஒருத்தருக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும் சார். ஆவணியில நடந்தது மறுபடி நடக்கும்.”

“தொறக்க முடியலேன்னா சர்வரை வேற ஆளு பாத்துக்கட்டும். நீ அட்டை ஒட்டுற வேலைக்கே போயிரு.”

இருபது வருஷம் ஏறி வந்த படியிலிருந்து ஒரே வார்த்தையில் கீழே இறக்கிவிட்டார். இருசம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. “அண்ணே, பட்டியலைக் காட்டுறேன். ஒங்களுக்கு மட்டும்னு ஒண்ணும் பண்ணல. நீங்களே பாருங்க” என்று தன் மேசையில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினார்.

ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. திரை மூடிக்கொண்டது.

மறுபடி தட்டினார். அதே வரி. தை மாதத்துக் கல்யாணம் அத்தனையும் உள்ளே; காவல்காரி வெளியே.

முதுகுக்குப் பின்னால் நின்ற அண்ணாதுரை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அட! எனக்கு வந்த அதே வரி! ஒன்னையும் வெளிய தள்ளிருச்சா?”

“சோதிச்சுப் பாக்க எம் பேரையும் சேத்தேண்ணே. எடுக்க மறந்துட்டேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்தப் பிரசாத்துப் பயலு?”

“அவரு பேரும் இருக்குண்ணே.”

“எம் மச்சான் பேரா?” என்றார் குருநாதன்.

“ஒங்க பேரும் இருக்குங்க சார்.”

அண்ணாதுரை தொந்தி குலுங்கச் சிரித்தார். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்து, டீ சொல்லச் சொன்னார். குருநாதனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. “அப்ப யாருதாம்மா உள்ள போறது?”

அந்தக் கேள்வியில்தான் இருசம்மாளுக்கு மூளை வேலை செய்தது. பட்டியல் கட்டுப்படுத்துவது வெளியிலிருந்து இணைப்பில் வருகிறவர்களைத்தான். பெட்டிக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தால் அது தடுக்காது. டிசைன் மேசையிலிருந்த மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஓடினார். வயரைச் செருகிப் பாஸ்வேர்டைத் தட்டினார். கதவு திறந்தது.

“அப்பாடா!” என்று வாய்விட்டே சொன்னார். பட்டியலிலிருந்து தன் பெயரை மட்டும் நீக்கினார்.

அண்ணாதுரை கார்டை நீட்டினார். இருசம்மாள் மேசைக்கு வந்து, அவர் லாகினிலேயே படங்களை அவர் ஃபோல்டருக்குள் இழுத்துவிட்டார். “எத்தனை ஏறுச்சுன்னு அடியிலயே காட்டும்ணே. எண்ண வேண்டாம்.” ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு படமும் ஏறி முடிந்ததைப் பார்த்துவிட்டு, அண்ணாதுரை காலண்டர் தாளைக் கொஞ்சம் மனசில்லாமல் மடித்துப் பையில் வைத்தார்.

குருநாதன் தணிந்த குரலில், “ஒங்களுக்கு மட்டும் தொறக்கச் சொல்லவாண்ணே?” என்று கேட்டார்.

“வேணாம்ப்பா. மொதலாளிக்கே அதான்னா எனக்கென்ன கொறச்சல்?” டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார் அண்ணாதுரை. “இருசம்மா உள்ள இருக்கட்டும். நாங்க வாசல்ல வச்சுட்டுப் போறோம்.”

அவர் போகிறபோக்கில் சொன்னதுதான். அம்மா கஞ்சிக்கு நின்ற இடமெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? இருசம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். மானிட்டரை எடுத்து வைக்கிற சாக்கில் மாடிப்படிக்குக் கீழே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குப் போன் போட்டார்.

“அம்மா, சாப்ட்டியா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்புட்டேன்” என்றார்.