சொல்லாமல் போன எட்டு வாரங்கள்

கிர்ஸ்டி லாதெலாவுக்கு ராணுவ ஆராய்ச்சி நிதி மூன்றாவது முறை விண்ணப்பித்தபோதுதான் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் இளம் பேராசிரியர்களுக்கு மட்டுமே உரிய நிதி அது. விண்ணப்பிக்க அவளுக்கு அது கடைசி வருடம். அதுவும் கைவிட்டிருந்தால் நிரந்தரப் பதவிக்கான குழு அவள் பெயரை எடுத்த எடுப்பிலேயே ஓரங்கட்டியிருக்கும். மிச்சிகனின் வடகோடியில், பழைய செம்புச் சுரங்க ஊரில் இருந்த அந்தச் சின்னப் பொறியியல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வாய்ப்பெல்லாம் யாரும் தரமாட்டார்கள்.

குண்டு வெடிக்கும்போது எழும் காற்றழுத்தம் மனித மண்டைக்குள் போய் என்ன செய்கிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி. மண்டையோட்டின் வடிவத்தில் அச்சு செய்து, மூளையின் பதத்தில் ஒரு கூழை அதற்குள் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் அழுத்த அலையைச் செலுத்திப் படம் பிடிப்பாள். முதல் இரண்டு முறையும் அனுப்பிய விண்ணப்பங்களில் காயம், வேதனை, குடும்பம் என்று எழுதியிருந்தாள். இரண்டும் திரும்பி வந்தன. நிதி அலுவலகத்தில் அவளுடைய துறையைப் பார்த்துக்கொண்ட அதிகாரி வான்ஸ் ஓட்லி தொலைபேசியில் அவளிடம் பொறுமையாகச் சொன்னார்.

"நல்ல வேலைங்க இது. ஆனா இதனால படைக்கு என்ன பிரயோஜனம்னு முதல் பக்கத்துலயே இருக்கணும். நீங்க அதை ஒன்பதாம் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கீங்க."

மூன்றாம் முறை 'வீரர்களின் போர்த்திறன் குறையாமல் காப்பது' என்று முதல் வரியிலேயே எழுதினாள். எழுதும்போது கை கூசியது. ஆனால் கிடைத்துவிட்டது.

அன்று மாலை அம்மா மார்லீன் இறைச்சியும் கிழங்கும் வைத்த பேஸ்டி சுட்டாள். ராணுவத்திலிருந்து திரும்பியிருந்த தம்பி ஆர்விட் வந்து மேசையில் உட்கார்ந்து ஒன்றைக் கையிலேயே பிட்டுத் தின்றான்.

"ஆக, என்னைக் குண்டு போடச் சொன்ன அதே ஆளுங்கதான் இப்ப உனக்கும் சம்பளம் குடுக்கறாங்க. நம்ம வீட்டுக்கே படியளக்கறது அவங்கதான் போல, புரஃபசரே."

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

"ரெண்டும் எப்படி ஒண்ணா செய்யறது? வாயை மூடினா தின்ன முடியாது. இதைக்கூட உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?"

மார்லீன்கூடச் சிரித்தாள். அந்த வீட்டில் அவன் வாயால் சிரிப்பு வந்தே வெகுநாளாகியிருந்தது.

ஆர்விட் எட்டு வருடம் படையில் மோர்ட்டார் என்னும் குழல்பீரங்கியை இயக்கும் மோர்ட்டார்க்காரனாக இருந்தவன். குழாய்க்குள் குண்டை நழுவவிட்டு, தலையைக் குனிந்து, அது கிளம்பியதும் அடுத்ததை எடுப்பதுதான் வேலை. எதிரியின் குண்டு அவன் பக்கத்தில் ஒருமுறைகூட விழவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தான். வந்தபின்தான் எல்லாம் தொடங்கியது. தலைவலி. வெளிச்சம் பட்டால் எரிச்சல். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவான். ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்துவான், கத்தியபின் கொட்டகைக்குள் போய் அழுவான். பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது, ஒரே தெருவை இரண்டு தடவை தள்ளிவிட்டு மூன்று தெருக்களை விட்டுவிட்டான் என்று நிறுத்திவிட்டார்கள். மனைவி பிரிந்துபோனாள். முன்னாள் வீரர்களுக்கான மருத்துவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடிபட்டதாக எங்கும் பதிவில்லையே என்றார்.

"பதிவுல இல்லதான். அப்ப மண்டையில ஒண்ணும் இல்ல. ஆளுதான் சரியில்ல" என்று ஆர்விட் அக்காவிடம் ஒருநாள் சொன்னான், வானிலை பற்றிச் சொல்வதுபோல.

மார்லீனும் வேறு மாதிரி நினைக்கவில்லை. "குடிச்சுட்டு என் வீட்டு வாசல் ஏறாதே" என்று ஒருமுறை கதவைச் சாத்தினாள். அன்று அவன் குடித்திருக்கவில்லை. கால் தடுமாறியிருந்தது, அவ்வளவுதான்.

நிதி கிடைத்த இரண்டாம் வருடம் ஒரு பயிற்சி முகாமிலிருந்து கிர்ஸ்டிக்கு அளவீடுகள் வந்தன. மோர்ட்டார் சுடும் வீரர்களின் தலைக்கவசத்தில் கருவி பொருத்தி, ஒவ்வொரு குண்டு கிளம்பும்போதும் பதிந்த அழுத்தம். அவற்றைக் கையில் வாங்குமுன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். மேலிடம் படித்து அனுமதிக்கும்வரை முடிவுகளை வெளியாள் யாருக்கும் சொல்லக்கூடாது.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு மத்தியானம் முடிவு திரையில் வந்து நின்றது. எதிரியின் குண்டு எதுவும் வேண்டாம். தன் குழாயிலிருந்து கிளம்பும் குண்டே போதும். ஒவ்வொன்றும் சின்னது, ஒன்றும் செய்யாது. ஆனால் ஆயிரக்கணக்கில் சேரச் சேர, கூழ் மூளையின் அடியில் ஒரே இடத்தில் மயிரிழை போன்ற கிழிசல்கள். அவள் மூன்று முறை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.

ஆர்விட் கொட்டகையில் மீன்பிடிக்க ஏரிப் பனிக்கட்டியைத் துளைக்கும் துரப்பணத்தைத் தீட்டிக்கொண்டிருந்தான். "என்ன புரஃபசர், மூஞ்சி பேயடிச்ச மாதிரி இருக்கு? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"எத்தனை குண்டு போட்டிருப்பே நீ? மொத்தத்துல."

"யாருக்குத் தெரியும். பயிற்சியையும் சேர்த்தா பத்தாயிரத்துக்கு மேல இருக்கும். ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

அவன் தீட்டுவதை நிறுத்தினான். "ஏதாவது கண்டுபிடிச்சியா? என்னைப் பத்தியா?"

"உன்னைப் பத்தி இல்லடா. இன்னும் ஒண்ணும் முடிவாகலை. வசந்தம் வரட்டும், பேசலாம்."

அவன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி தீட்டத் தொடங்கினான். அவள் வண்டியில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை.

மறுநாள் வான்ஸ் ஓட்லியைக் கூப்பிட்டாள். "என் தம்பி மோர்ட்டார்க்காரன். அவன்கிட்ட மட்டும் சொல்லலாமா?"

"கிர்ஸ்டி, நீங்க எழுத்துல கேட்டா நான் முடியாதுன்னுதான் பதில் எழுதணும். அதனால கேக்காதீங்க."

அவள் அதை முடியாது என்றே எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். நூலகப் புத்தகத்தை ஒருநாள்கூடத் தாமதமாகத் திருப்பியவள் இல்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

வாரங்கள் போயின. ஆர்விட் ஒருமுறை தொலைபேசியில், "வசந்தம் வந்துடுச்சா?" என்று கேட்டான். "பனி இன்னும் ஜன்னல் வரை கிடக்கு, பாரு வெளியே" என்று அவள் சிரித்து மழுப்பினாள். அவனும் சிரித்தான்.

அந்த வருடம் உறைந்து கிடந்த ஏரி சீக்கிரமே இளகத் தொடங்கியது. பனிமேல் மீன்பிடிக்கப் போட்ட குடிசைகளை மார்ச் பாதியிலேயே எல்லோரும் இழுத்துக் கரைசேர்த்துவிட்டார்கள். ஆர்விட்டுடையது மட்டும் தனியாக நின்றது. மறந்துவிட்டான் போல என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு, வெயில் நன்றாக அடிக்கும்போது, பனிவண்டியை எடுத்துக்கொண்டு அதை இழுத்துவரப் போனான். கரையில் நின்ற ஒருவர் கையாட்டித் தடுத்திருக்கிறார். அவனும் திரும்பக் கையாட்டிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று மணிக்கு ஏரித் தண்ணீரிலிருந்து அவன் உடலை வெளியே எடுத்தார்கள்.

பனி இளகியதை அறியாமல் போனானா, அறிந்தே போனானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மார்லீன் விபத்து என்றாள். பாதிரியாரும் அப்படியே சொன்னார்.

பன்னிரண்டு நாள் கழித்து, முடிவுகளைக் கட்டுரையாக வெளியிட மேலிடத்தின் அனுமதி வந்தது. ஒரு எழுத்துகூட மாற்றச் சொல்லவில்லை.

ஓட்லி தானே கூப்பிட்டார். செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. "அன்னைக்கு நான் சொன்னது…" என்று தொடங்கி நிறுத்தினார். "நீங்க கேக்காம போய்ச் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். தெளிவா சொல்லியிருக்கணும்."

"தெளிவா சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும்."

"ஆமா. அதனாலதான் சொல்லலை" என்றார் அவர்.

அன்று அவள் அம்மாவின் சமையலறை மேசையில் தாள்களை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். மறதி, தடுமாற்றம், கோபம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று. மார்லீன் கடைசிவரை கேட்டாள். பிறகு கதவின் பக்கம் பார்த்தாள்.

"அன்னைக்கு அவன் குடிக்கலைன்னான். நான் நம்பலை."

"தெரியும்மா."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

கிர்ஸ்டிக்குப் பொய் நாக்குவரை வந்தது. தம்பியிடம் சொன்ன பொய்யே போதும் என்று அதை விழுங்கினாள். "பிப்ரவரில."

மார்லீன் எழுந்து போய்க் கழுவிவைத்த கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினாள். கிர்ஸ்டி கிளம்பும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அம்மா அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.

கட்டுரை வெளியானது. பல்கலைக்கழகம் நிரந்தரப் பதவி தந்தது, கேக் வெட்டினார்கள். அவள் ஒரு துண்டைத் தட்டில் வாங்கி, யாரும் பார்க்காதபோது அப்படியே வைத்துவிட்டு வந்தாள். பல ஊர்களிலிருந்து மோர்ட்டார்க்காரர்களின் மனைவிமார் கடிதம் எழுதினார்கள். என் கணவருக்கும் இப்படித்தான், அவர் கெட்டவர் இல்லை என்று நீங்கள் எழுதித் தர முடியுமா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். கிர்ஸ்டி ஒவ்வொருவருக்கும் அன்றன்றே பதில் எழுதினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த நிதிக்கும் அதே அலுவலகத்துக்கே விண்ணப்பித்தாள். இந்தக் கேள்விக்குக் காசு தருவதற்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஜூலையில் ஒருநாள் மார்லீன் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். அங்கே அதுவரை வந்ததே இல்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எது அது, காட்டு" என்றாள்.

கிர்ஸ்டி கூழ் நிரப்பிய ஒரு தலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மார்லீன் அதை உற்றுப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் இல்லாத மழமழப்பான உருண்டை. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வதற்குள் அவள் உச்சியில் கையை வைத்துவிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

மார்லீன் தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை. கிர்ஸ்டி பக்கத்தில் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அம்மா உட்கார்ந்தாள். அவளும் அருகில் உட்கார்ந்தாள்.