அதிர்வலை அறையில் பரீதா மிஸி

வலது சிறுநீரகத்திலும் கல் உண்டெனக் கூறும் ஸ்கான் அறிக்கையோடு களுவாஞ்சிக்குடியில் பேருந்தை விட்டு இறங்கினேன். வைத்தியசாலையில் துப்புரவுப் பணிபுரியும் அயலவர் புவனேஸ்வரி எதிரே வந்தார். "பரீதா மிஸி மோசம் போயிட்டா அக்கா. நேத்துப் பின்னேரமே காத்தான்குடியில அடக்கிட்டாங்க."

அதிர்வலையால் கல்லை உடைக்கும் அறையில் தாதியாக இருந்தவர் பரீதா மிஸி. அழுகைக்கு முன்னர் எனக்கு அச்சமே வந்தது என்பதை, அவரை அறிந்து இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் இடப்பக்கக் கல்லுக்காக அவரிடம் சென்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின்னர் சுயமாகவே நூல்களைக் கற்றவள் நான். என் படிவத்தைப் பிறர் நிரப்ப விட்டதில்லை. இதயத்துக்காக நான் உட்கொண்ட குளிசை இரத்தம் உறைவதைத் தடுப்பது. அதனை நிறுத்தாமல் சிகிச்சை அளிக்க மாட்டார்கள். இவ்விரண்டையும் வாசித்தறிந்திருந்தேன். அந்த வலியோடு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க அஞ்சி, 'எம்மருந்தும் உட்கொள்வதில்லை' என எழுதினேன்.

மிஸி படிவத்தை விட்டு, நீலம் பாய்ந்திருந்த என் முழங்கையைப் பார்த்தார்.

"இது என்ன கண்டல்?"

"கதவில் பட்டது."

"மத்தக் கையிலயும் கதவா? அக்காட வீட்டில கதவு கூடத்தான்."

உடன் வந்திருந்த என் மகளை வெளியே அனுப்பிவிட்டு என் அருகே அமர்ந்தார். "எழுத்து நல்ல வடிவு. உள்ளதத்தான் எழுதல்ல. ரத்தம் உறையாம இரிக்கக் குளிசை குடிக்கிறவங்களுக்குத்தான் இப்பிடிக் கண்டல் வாற. அலை கல்லில மட்டும் படாது அக்கா, சதையிலயும் படும். உள்ளுக்க ரத்தம் கசிஞ்சா நாம எங்க பொத்துற?"

குளிசையின் பெயரைச் சொன்னேன். மருத்துவரிடம் அவர், "அக்காக்கு இப்பதான் ஞாபகம் வந்திரிக்கி டொக்டர்" என்றார். இதய மருத்துவரின் ஆலோசனைப்படி குளிசையை நிறுத்தி, பின்னொரு நாளில் சென்றேன்.

இயந்திரம் இடையறாது வெடிச்சத்தம் எழுப்பியது. குண்டுச் சத்தம் கேட்டதும் நிலத்தில் குப்புற வீழ்ந்து கிடந்த யுத்த ஆண்டுகளை என் உடல் மறந்திருக்கவில்லை.

"பயமா அக்கா?"

"இல்லை."

"அப்ப என்ட கைய விடுங்க பாப்பம், எலும்பு முறியப் போகுது." கையை உருவிக்கொள்ளாமலே சொன்னார்: "பயத்தச் சொன்னாத்தானே பக்கத்தில நிக்கலாம்."

வருகின்ற செவ்வாய்க்கிழமை மீண்டும் அக்கட்டிலில் படுக்க வேண்டும். இம்முறை என் கைகளை யார் உற்றுப் பார்ப்பாரோ அறியேன். மிஸியிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது, அச்சத்தை வாய்விட்டு உரைக்கும் ஒரு பழக்கம் மாத்திரமே. அதுவும் இன்று காலைதான் கைகூடிற்று. கூந்தல் வாரிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னேன்:

"புள்ள, எனக்குச் சரியான பயமா இரிக்கி. உன்னையும் உள்ளுக்க விடுவாங்களா எண்டு கேட்டுப் பாரு."