கேன் தண்ணீரும் சம்ப்புத் தண்ணீரும்

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை காலையில் முத்துக்குமார் புனேவுக்குக் கிளம்பினார். கம்பெனி அங்கே புது ஆலை தொடங்கியிருந்தது. எப்போது திரும்ப அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓசூர் பேருந்து நிலையத்தில் அவரை பெங்களூரு பஸ் ஏற்றிவிட்ட மனைவி காளியம்மாள், வரும் வழியில் ஒரு சின்ன மீன் தொட்டியும் ஐந்து கப்பி மீன்களும் வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் எதிர் போர்ஷனுக்குக் குடிவந்த புதிது. "எதுக்குக்கா மீனு?" என்றேன்.

"இனிமே வீட்டுக்குள்ள நான் நடந்தாத்தான் எதாச்சும் அசையும். இதுக ஓடட்டுமே. சரிப்படலைன்னா காலி பண்ணிட்டு லேடீஸ் ஹாஸ்டல்தான்."

காளியம்மாள் சாத்தூர்ப் பக்கம் எட்டுப் பேர் உள்ள வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகி நேராக இந்த வீட்டுக்கு வந்தார். தனியாக ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவருக்கு வேலை. அளவு பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும்.

எங்கள் போர் தண்ணீர் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதனால் காளியம்மாள் வீட்டில் குடிக்கும் கேன் தண்ணீரையே மீனுக்கும் ஊற்றினார். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. மீன்கள் மட்டும் வாலை ஒடுக்கிக்கொண்டு அடியில் ஒதுங்கின. ஒரு வாரத்தில் எல்லாம் செத்தன. மறுபடி வாங்கியவையும் போயின.

"ஏ காளி, உன் லாட்டு மொத்தமும் ரிஜெக்டாமே?" என்று போனில் சிரித்தார் முத்துக்குமார்.

"அப்ப நீங்க வந்து ரீவொர்க் பண்ணுங்க."

போனை வைத்துவிட்டு என்னிடம் ஹாஸ்டல் விசாரிக்கச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. வீட்டுக்கார சரோஜம்மாள் முற்றத்தில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பின் மூடியைத் திறந்தார். பின்னால் நின்ற காளியம்மாள் எட்டிப் பார்த்தார். உள்ளே கப்பி மீன்கள் கூட்டமாகத் திரிந்தன.

"யக்கா, இதுகளுக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"என்னாத்த ஊத்தறது? போர் தண்ணிதாம்மா. கொசுவுக்குன்னு நாலு வுட்டேன், அதுங்களே பெருகிக்கிச்சி."

"தீனி?"

"உனக்கே நான் சோறு போடல, மீனுக்கா போடுவேன்?"

காளியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "ஒசத்தியாக் குடுக்கணும்னுல்ல கேன ஊத்துனேன்" என்றார்.

கேன் தண்ணீரில், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்துவிடுவார்கள். கப்பிக்கு அந்த உப்பு வேண்டும்.

அன்றே ஒரு வாளி சம்ப்புத் தண்ணீர், அதிலேயே பிடித்த நாலு மீன், கடையில் வாங்கிய ஒரு கொத்து நீர்ச்செடி, ஒரு பஞ்சு ஃபில்டர். தினம் ஒரு சிட்டிகைத் தீனி. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு புதுசு ஊற்றுவார். மற்றபடி தொடுவதில்லை.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்பார்.

அடுத்த மாதம் செடிக்குள் கண்ணிமை முடி அளவுக்குக் குஞ்சுகள் தெரிந்தன. ஹாஸ்டல் பேச்சு நின்றது. ஷிப்ட் முடிந்து வந்தால் டீ டம்ளரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பாயையும் அங்கேயே விரித்துக்கொண்டார். நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் புனேவிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கீழே முத்துக்குமார் எழுதியிருந்தார்:

"ரூம்ல நானும் வச்சிருக்கேன். அஞ்சுல ரெண்டு போயிருச்சு. சிரிக்காத. நீ என்ன தண்ணி ஊத்துற?"